சாக்கடைக்கு இந்தப் பக்கம்

"நாங்க எல்லாரும் ஒண்ணு. ஒரே தெரு. ஒரே தொழில். ஒரே ரத்தம்" என்று மேஸ்திரி கண்ணாடியைப் பார்த்து மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தபோது, வாசலில் பலகை விழுந்த சத்தம் கேட்டது.

அது தெரிந்த சத்தம்தான். அவர் வீட்டுப் பலகையைச் சாக்கடையின் குறுக்கே போட்டால் முதலில் இந்தக் கரையில் 'தொப்' என்று விழும், பிறகு அந்தக் கரையில் 'டொக்' என்று உட்காரும். ஆனால் அதற்குப் பிறகு வந்த காலடிச் சத்தம் தெரியாதது. ரப்பர் பூட்ஸ் சத்தம். கிழக்கு வரிசையில் ரப்பர் பூட்ஸ் போடுகிற ஆள் கிடையாது.

மேஸ்திரி ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக வாசலுக்கு ஓடி வந்தார். பலகையின் நடுவில் பம்புக்காரன் நின்றுகொண்டிருந்தான். எதிர் வரிசைப் பையன். அடைப்பு உறிஞ்சும் லாரியில் பம்பு ஓட்டுகிறவன். கையில் தையல் மிஷின் மோட்டார் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி ஏந்தியிருந்தான். பலகையின் இந்த முனையில், அதைப் போட்டவள், மேஸ்திரியின் ஒரே மகள்.

"பலகைய எடு" என்றார் மேஸ்திரி.

"ஆள் நிக்கிறாருப்பா. எடுத்தா உள்ள விழுந்துடுவாரு."

"அதுக்குத்தான் எடுக்கச் சொல்றேன்."

பம்புக்காரன் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், "மோட்டார ரிப்பேர் பண்ணிட்டேன் மேஸ்திரி. குடுத்துட்டுப் போயிடறேன்" என்றான்.

"அங்கயே நில்லு. அவ வந்து வாங்கிக்குவா."

அவள் போனாள். போனவள் மோட்டாரை வாங்கிக்கொண்டு திரும்பவில்லை. அவன் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு பேர் எடைக்குப் பலகை வளைந்தது. கீழே சாக்கடை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"உள்ள கண்ணாடிகிட்ட என்னமோ சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அத இங்க சொல்லுங்கப்பா. இங்கிருந்து கேக்குதான்னு பாக்கறேன்."

"அது நாளைக்குக் கோர்ட்டுல சொல்றது."

"கோர்ட்டுல மட்டும்தானா?"

"கோர்ட்டு வேற, வீடு வேற. வா உள்ள."

எதிர் வரிசையிலும் பக்கத்து வீடுகளிலும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. உள்ளேயிருந்து மேஸ்திரியின் மனைவி குரல் கொடுத்தாள்: "ஏங்க, இன்னொரு கையையும் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு அப்புறம் மானத்தக் காப்பாத்துங்க."

பம்புக்காரன் முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து, தன் கரையில் இறங்கினான். மகள் மோட்டாரோடு உள்ளே வந்து, அப்பாவை இடிக்காமல் இடித்துக்கொண்டு போனாள். மேஸ்திரி பலகையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். சாய்த்துவிட்டு, பூட்ஸ் பட்ட இடத்தைத் துணியால் துடைத்தார். பிறகு கண்ணாடி முன் போய் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்: "ஒரே ரத்தம்."

அந்தத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நகரத்தைச் சுத்தம் செய்கிறவர்களுக்கென்று நகராட்சி கட்டிப்போட்ட நீளத் தெரு அது. நடுவில் திறந்த சாக்கடை. கிழக்கு வரிசையில் இருப்பவர்கள் சாலை கூட்டுகிறவர்கள். மேற்கு வரிசையில் இருப்பவர்கள் குழியில் இறங்கி அடைப்பு எடுக்கிறவர்கள். நகரத்துக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு வரிசைக்காரருக்கும் ஒரே மாதிரிதான் மூக்கைப் பொத்தினார்கள். ஆனால் தெருவுக்குத் தெரியும். துடைப்பம் பிடிக்கிறவன் தரைக்கு மேலே வேலை செய்கிறவன். குழியில் இறங்குகிறவன் தரைக்குக் கீழே. தனக்குக் கீழே ஒருத்தன் இருக்கிறான் என்கிற நிம்மதி இல்லாவிட்டால், விடியுமுன் எழுந்து ஊரார் எச்சிலைக் கூட்ட மனசு வருமா? கிழக்கு வரிசை அந்த நிம்மதியைப் பலகையில் வைத்திருந்தது.

கிழக்கு வரிசையில் வீட்டுக்கு ஒரு பலகை உண்டு. எதிர்க்கரைக் கடைக்குப் போகும்போது போடுவார்கள். திரும்பி வந்ததும் தூக்கிச் சுவரில் சாய்த்துவிடுவார்கள். போட்டது போட்டபடி கிடந்தால் மேற்கு வரிசைக்காரன் கால் வைத்துவிடுவானே! குழாய் கிழக்குக் கரையில் இருந்தது. மேற்கு வரிசைப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு தெருமுனைப் பாலம் வரைக்கும் நடந்து, சுற்றிக்கொண்டு வருவார்கள், அதே மாதிரி போவார்கள். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. சட்டம் போட்டிருந்தால் எவனாவது மீறியிருப்பான். சட்டம் இல்லாததால் எல்லாரும் ஒழுங்காக நடந்தார்கள்.

மேற்கு வரிசையும் லேசுப்பட்டதில்லை. தெருவுக்கு அப்பால் குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் தாகத்துக்கு வந்தால், "கைய ஏந்து" என்று உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குப்பைமேட்டுக்காரர்கள் யாரைத் தள்ளி வைத்திருந்தார்களோ, அது மேஸ்திரிக்குத் தெரியாது. நிச்சயம் யாரையாவது வைத்திருப்பார்கள்.

பம்புக்காரனின் அப்பா குழிக்குள் இறங்கி ஏறாமல் போனவர். உடலைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியபோது கிழக்கு வரிசை முழுவதும் வந்தது. வந்து, சாக்கடைக்கு இந்தப் பக்கமே நின்று அழுதது. மேஸ்திரியும் நன்றாகவே அழுதார். அழுகை சாக்கடையைத் தாண்டிப் போனது, ஆள் தாண்டவில்லை.

அந்தச் சாவுக்கு அப்போதைய சட்டசபை உறுப்பினர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த தேர்தலில் தெரு ஒன்று செய்தது. இரண்டு வரிசையும் ஒரே பக்கமாகக் குத்தின. எவரும் எவரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆத்திரத்துக்குப் பலகை வேண்டியிருக்கவில்லை. உறுப்பினர் கவிழ்ந்தார். நகரமே வாயைப் பிளந்தது. "இந்தத் தெரு ஒண்ணாக் குத்தினா எவனையும் கவுத்துடும்" என்ற பேச்சு பரவியது. தெருக்காரர்கள் கொஞ்சநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டினார்கள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குழியில் இறங்கினார்கள்.

கவிழ்ந்தவருக்கு ஒரு கட்சி இருந்தது; அந்தக் கட்சி ஆட்சியில் இருந்தது. தொகுதிகளுக்குப் புதிதாகக் கோடு போடுகிறோம் என்று ஆணையம் ஒன்று வந்தது. புதுக் கோடு எங்கெங்கோ சுற்றி, நல்ல நல்ல தெருக்களை எல்லாம் பத்திரமாக ஒதுக்கிவிட்டு, நேராக வந்து இந்தச் சாக்கடையில் இறங்கியது. கிழக்கு வரிசை ஒரு தொகுதி. மேற்கு வரிசை வேறு தொகுதி. இனி இரண்டு பெரிய பானைகளில் வரிசைக்கொரு சிட்டிகை உப்பு. எந்தப் பானையிலும் கரிக்காது.

அதை எதிர்த்துத்தான் வழக்கு. ஒரே வாழ்க்கை வாழ்கிற மக்களைக் கோடு போட்டுப் பிரிக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறதாம். தெரு ஒன்று என்று ஒருத்தர் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். கூட்டுகிறவர்களுக்கு மேலாளாக இருப்பவர், வயசான பிறகு எழுத்துக் கூட்டப் படித்து வாய்விட்டுப் பேப்பர் படிக்கிறவர், எந்தக் கூட்டத்திலும் முதலில் எழுந்து பேசுகிறவர் யார்? நம்ம மேஸ்திரிதான். மனுவில் முதல் பெயர் அவருடையது. அந்தப் பெயரைத் தானே எழுதியதில் அவருக்கு வந்த பெருமை இன்னும் இறங்கவில்லை.

அன்று பிற்பகல் வக்கீலம்மா அவரை வரச் சொல்லியிருந்தார். மாடிப்படி ஏறிப் போனால் ஒரு சின்ன அறை. கட்டுக் கட்டாகக் காகிதங்கள். நாற்காலியிலும் காகிதம் இருந்ததால் மேஸ்திரி நின்றார்.

"நாளைக்கு எதிர்த்தரப்பு என்ன கேப்பாங்கன்னு யோசிச்சேன்" என்றார் வக்கீலம்மா. "ரெண்டு வரிசைக்கும் நடுவுல கொண்டான் குடுத்தான் உண்டான்னு கேப்பாங்க. யாரு யாரக் கல்யாணம் பண்ணியிருக்காங்க, சொல்லுங்க."

மேஸ்திரி மனசுக்குள் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூட்டிக்கொண்டு போனார். ஒன்றும் அகப்படவில்லை.

"பழக்கம் உண்டும்மா. கல்யாணம்னு... அமையல."

"ஒண்ணு கூடவா?"

"அமையல."

வக்கீலம்மா பேனாவை வைத்தார். "ஒரே ஒரு கல்யாணம் இருந்தாப் போதும் மேஸ்திரி. அத வெச்சு நான் இந்தக் கேஸையே தூக்கி நிறுத்திடுவேன். பண்ணப் போறாங்கன்னு பேச்சு நடந்திருந்தாக் கூட எடுத்துச் சொல்லலாம். சரி விடுங்க. அந்த வரைபட ஆபீசர் சாட்சிக்கு வர்றார். தெருவ அளக்க வந்தாரே, அவர்கிட்ட யாராவது ஏதாவது பேசினீங்களா?"

"நல்ல மனுசன்மா! எங்க வீட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சாரு. மூக்கப் பொத்தல. நான்தான் தெருவையே சுத்திக் காட்டினேன்."

"என்ன சொன்னீங்க?"

"சும்மா... வீடு வாசல் யாரு யாருதுன்னு."

வக்கீலம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேஸ்திரி அவர் பார்வையை விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்தார்.

படி இறங்கும்போது மேஸ்திரியின் தலையில் வேறொரு விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது. ஒரே ஒரு கல்யாணம். பேச்சு நடந்திருந்தாலே போதும். காலையில் துணியால் துடைத்த பூட்ஸ் தடம், இப்போது நினைத்துப் பார்த்தால், அவ்வளவு அழுக்காகத் தெரியவில்லை. பையனும் நல்ல பையன்தான். மோட்டாரெல்லாம் ரிப்பேர் பண்ணுகிறான். இறங்குகிறவன்கூட இல்லை, மேலே நின்று பம்பு ஓட்டுகிறவன். கால்வாசி கிழக்கு வரிசை என்றே சொல்லலாம். ஊருக்காகச் சொந்த மகளையே கொடுத்த மேஸ்திரி! பஸ்ஸில் வரும்போதே தன் தியாகத்தை நினைத்துத் தானே கண் கலங்கினார். பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்தியதுகூட அன்று உறைக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்: "பாப்பா, நான் யோசிச்சுப் பாத்தேன். அந்தப் பையனையே நீ கட்டிக்க. எனக்குச் சம்மதம்."

மகள் மிஷினை நிறுத்தினாள். கைத்துணி அப்படியே ஊசியில் நின்றது. மனைவி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள்.

மகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வெளிச்சம் பாதியிலேயே நின்றது. அவள் அப்பாவை நன்றாக அறிந்தவள்.

"என்னைக்கு?"

"அது அப்புறம் பாத்துக்கலாம். ஆனா நாளைக்குக் காலைல கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு வீடும் பேசி முடிச்சதா இருக்கணும். கூண்டுல நான் சொல்லணுமில்ல?"

"வக்கீலம்மா சொன்னாங்களா?"

"அவங்க ஒண்ணும் உன்னச் சொல்லல. ஒரு கல்யாணம் இருந்தா நல்லாருக்கும்னாங்க. நம்மகிட்டதான் ரெடியா ஒண்ணு இருக்கே!"

அடுப்படியில் கரண்டி கீழே விழுந்தது. விழுந்ததா போட்டதா என்று தெரியவில்லை.

"ரெண்டு வருசமா நான் கேக்கறேன்" என்றாள் மகள். குரல் உயரவில்லை. "அழுதேன். சாப்பிடாம இருந்தேன். அம்மாவ விட்டுக் கேக்கச் சொன்னேன். அப்பல்லாம் என்ன சொன்னீங்க? செத்தாலும் பலகை போட மாட்டேன்னீங்க. இன்னைக்குக் காலைல அவர் நின்ன எடத்தத் தொடைச்சீங்க. சாயங்காலம் சம்மதம்!"

"மனுசன் திருந்தக் கூடாதா?"

"நீங்க திருந்தலப்பா. உங்களுக்கு ஒரு அத்தாட்சி தேவைப்படுது. நான் அத்தாட்சி இல்ல. என்னக் கட்டித் தூக்கிட்டுப் போயி ஜட்ஜு மேசைல வைக்க முடியாது."

"தெருவுக்கே நல்லது நடக்கும்டி!"

"நடக்கட்டும். நீங்க போயி உள்ளதச் சொல்லுங்க."

"உள்ளதச் சொன்னா தோத்துடுவோம்."

"அப்ப தோத்துடுவோம்னு உங்களுக்கே தெரியுது."

மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ரிப்பேரான மோட்டார் சத்தமே இல்லாமல் ஓடியது. சண்டை போட ஒரு சத்தம்கூட இல்லாமல் மேஸ்திரி வீட்டு நடுவில் நின்றார். மனைவி தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: "உக்காந்து சாப்பிடுங்க, தியாகி."

மறுநாள் நீதிமன்றத்துக்கு இரண்டு வரிசையும் போயின. நகராட்சிக் குப்பை லாரி ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு போனார்கள். கிழக்கு வரிசை லாரியின் முன்பக்கம், மேற்கு வரிசை பின்பக்கம், நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் காலி. "நெருக்கமா நில்லுங்கய்யா, நாம ஒண்ணுன்னு சொல்லத்தான் போறோம்" என்று மேஸ்திரியே கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். யாரும் நகரவில்லை.

முதலில் வரைபட ஆபீசர் ஏறினார். மேஸ்திரி அவரைப் பார்த்துத் தெரிந்தவர் மாதிரி தலையை ஆட்டினார். ஆபீசரும் மரியாதையாகத் திருப்பி ஆட்டினார். அதுதான் வினையாகப் போயிற்று.

"தெருவைச் சாக்கடையில் பிரிக்கலாம் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்?" என்று அரசுத் தரப்பு வக்கீல் கேட்டார்.

"தெருக்காரர்களே சொன்னதை வைத்துத்தான். அதோ உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். 'சாக்கடைக்கு இந்தப் பக்கம் வேற சார், அந்தப் பக்கம் வேற. ஒண்ணாப் போட்டு எழுதிடாதீங்க, எங்களுக்கு அசிங்கம்' என்றார். ரொம்பவும் வற்புறுத்திச் சொன்னார். தண்ணீரும் கொடுத்தார்."

கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த கிழக்கு வரிசை திரும்பி மேஸ்திரியைப் பார்த்தது. பின்னால் இருந்த மேற்கு வரிசை பார்க்கவில்லை. மேற்கு வரிசைக்கு அது புதுச் செய்தி இல்லை.

மேஸ்திரிக்கு அன்றைய வெயிலும் ஞாபகம் வந்தது, ஆபீசர் கையிலிருந்த பெரிய காகிதமும் ஞாபகம் வந்தது. படித்த மனிதன் ஒருத்தன் தன் வாசலில் நின்று தன்னைக் கேட்கிறான் என்கிற பூரிப்பு. அந்தப் பூரிப்பில் முதலில் வாயில் வந்தது அதுதான். பெயரைச் சொல்லவில்லை, தொழிலைச் சொல்லவில்லை. 'அவங்க வேற' என்றுதான் முதலில் சொன்னார். மேலே இருந்தவர்கள் இந்தத் தெருவை உடைக்க ஏற்கனவே முடிவு செய்துவிட்டார்கள். எங்கே தட்டினால் உடையும் என்றுதான் ஆள் அனுப்பித் தேடினார்கள். நம்ம மேஸ்திரி விரலை வைத்துக் காட்டிவிட்டார்.

பிறகு அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். வக்கீலம்மா கேட்டபோது, "ஒரே தெரு, ஒரே தொழில்" வரைக்கும் சொன்னார். ரத்தம் வரவில்லை. நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். நிறையக் கேட்கவில்லை.

"உங்கள் வீட்டுக்கு முன்னால் சாக்கடையைத் தாண்டப் பலகை இருக்கிறதா?"

"இருக்குங்க."

"எதிர் வரிசைக்காரர்கள் யாராவது அதில் நடந்ததுண்டா?"

மேஸ்திரி கூட்டத்தைப் பார்த்தார். மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு ஆள் தள்ளி, பம்புக்காரனின் அம்மா. புருஷன் செத்த அன்று யார் யார் எங்கே நின்றார்கள் என்று பார்த்த கண். அந்தக் கண் இப்போது குற்றம் சாட்டக்கூட இல்லை; 'என்னதான் சொல்லப் போறே, சொல்லு' என்று காத்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூட இல்லை.

"ஒருத்தர் நடந்தாருங்க. நேத்து."

வக்கீலம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் மக போட்ட பலகை. பாதி வரைக்கும் வந்தாரு. நான் இந்தப் பக்கம் வர விடல." மேஸ்திரி அத்தோடு நிறுத்தவில்லை. "அப்புறம் பலகையத் தொடைச்சேன்."

நீதிமன்றத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார். வக்கீலம்மா தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அதிலேயே தீர்ப்பு தெரிந்துவிட்டது. எழுத்தில் வந்த தீர்ப்பு இன்னும் நன்றாக இருந்தது. ஆணையம் எந்தப் பிரிவினையையும் உண்டாக்கவில்லை, இருந்த ஒன்றைப் பார்த்து வரைந்திருக்கிறது, அவ்வளவுதான்; கோடு செல்லும்.

தெருவில் கோபம் இருந்தது. மேஸ்திரியைத் திட்டலாம் என்று வாயைத் திறந்துகொண்டு வந்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தார்கள், அங்கே சாய்ந்திருந்ததைப் பார்த்தார்கள், வாயை மூடிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் மட்டும், "அந்த ஆபீசர் எங்க வீட்டுக்கு வந்திருந்தாலும் நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். நல்லவேள, உங்க வீட்டுல தண்ணி கேட்டான்" என்று ஆறுதல் சொன்னார். அதைவிட ஒரு செருப்படி தேவலை என்றிருந்தது மேஸ்திரிக்கு.

தீர்ப்பு வந்த அந்த வாரமே மகள் அப்பா முன்னால் வந்து நின்றாள். இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தாள்.

"கேஸ் முடிஞ்சு போச்சு. இனிமே இந்தக் கல்யாணத்தால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால இப்பப் பண்ணிக்கலாம்னு இருக்கேன். பதிவு ஆபீசுக்குப் போறோம். வர்றீங்களாப்பா?"

மேஸ்திரி சட்டையைத் தேடினார். இந்தத் தடவை இரண்டு கையையும் விட்டுக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார். பலகையைச் சுவரிலிருந்து எடுக்கப் போனார். மகள் காத்திருக்கவில்லை, அவளே போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவரும் மனைவியும் அவள் பின்னாலேயே எதிர்க்கரைக்கு நடந்தார்கள். பம்புக்காரனின் அம்மா வாசலில் நின்றிருந்தாள். "வாங்க சம்பந்தி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேஸ்திரி, கோர்ட்டில் வராமல் போன வார்த்தையைத் தேடுகிறவர் மாதிரி நின்றார். மனைவிதான் அவர் விலாவில் இடித்தாள்.

பதிவு ஆபீசில் கையெழுத்து முடிந்து திரும்பி வந்து, பலகையைத் தூக்கக் குனிந்தபோது அவருக்குக் கை ஓடவில்லை. மகள் இப்போது அந்தப் பக்கம் இருக்கிறாள். பலகையை எடுத்தால் அவளுக்குத்தான் எடுக்கிறார். அப்படியே விட்டால் மழைக்கு ஊறி உளுத்துப் போகும். பலகை என்றாலே எடுக்கத்தான் தோன்றும். எடுக்க முடியாத ஒன்று வேண்டும் என்று நினைத்தார்.

நகராட்சிக் கிடங்கில் முனை உடைந்த நீளமான நடைபாதைக் கற்கள் குவியலாகக் கிடந்தன. கிடங்குக்காரரிடம் சொல்லிவிட்டு, குப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மருமகன் பூட்ஸோடு சாக்கடைக்குள் இறங்கி நின்று ஒரு பக்கம் பிடிக்க, மேஸ்திரி ஒரு பக்கம் பிடித்தார். "கொஞ்சம் எறக்குங்க மாமா" என்றான் மருமகன். மேஸ்திரி இறக்கும்போது தானும் ஒரு காலை உள்ளே வைக்க வேண்டியதாயிற்று. வழக்கு எல்லாம் முடிந்த பிறகு, வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் கால் சாக்கடைத் தண்ணீரில் பட்டது. அப்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. நாறியது, எப்போதும்தான் நாறுகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள், "நம்ம வாசலுக்கும் ரெண்டு கல்லு கெடைக்குமா?" என்று கேட்டார். இன்னொருத்தர் கேட்காமலே கொண்டுவந்து போட்டார். சில வீடுகளில் பலகை இன்னும் சுவரில்தான் இருந்தது. இருக்கட்டும் என்று கல் அவற்றையும் தாண்டிப் போய் அடுத்த வாசலில் உட்கார்ந்தது. மேற்கு வரிசைப் பெண்கள் முதலில் தயங்கிப் பாலத்துக்கே நடந்தார்கள். அப்புறம் ஒருத்தி குடத்தோடு நேராக நடந்தாள். குடத்துத் தண்ணீர் கல்லில் சிந்திய தடத்தை யாரும் துடைக்கவில்லை.

அந்தச் சாக்கடையை மூடித் தரச் சொல்லித் தெரு எத்தனையோ தடவை மனுக் கொடுத்திருக்கிறது. குழந்தை விழுந்தபோது கொடுத்தது, காய்ச்சல் வந்தபோது கொடுத்தது. ஒரு சைக்கிள்கூட அரசாங்கத்திடமிருந்து எட்டிப் பார்க்கவில்லை. இப்போது கல் போட்ட ஈரம் காய்வதற்குள் ஜீப் வந்தது. ஒன்று இல்லை, இரண்டு. கிழக்குத் தொகுதிக்கு ஒன்று, மேற்குத் தொகுதிக்கு ஒன்று.

"யாரு இதையெல்லாம் மூடச் சொன்னது?" என்று கிழக்கு ஜீப்பிலிருந்து இறங்கியவர் பதறினார். "இது தொகுதி எல்லை. எல்லை சாக்கடைன்னு வரைபடத்துல குறிச்சிருக்கு. சாக்கடை கண்ணுக்குத் தெரியணும். நீங்க பாட்டுக்கு எல்லைய மறைச்சிட்டீங்க! எல்லாக் கல்லையும் எடுங்க."

"குழந்த விழும் சார்" என்றார் மேஸ்திரி.

"அது நகராட்சி. நான் தேர்தல்."

மேஸ்திரி கைகளைப் பிசைந்தார். அதிகாரி ஆளைக் கூப்பிட்டு, முதல் கல்லைத் தூக்கச் சொன்னார்.

அப்போது மேஸ்திரியின் மனைவி வீட்டுக்குள்ளிருந்து ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இத்தனை வருஷமாக அந்த வாசலில் அவளாக ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. அவள் பேசியதெல்லாம் உள்ளேயிருந்துதான். முக்காலியைக் கல்லின் நட்டநடுவில் போட்டாள். உட்கார்ந்தாள். ஒரு முழங்கால் கிழக்குத் தொகுதியில், ஒரு முழங்கால் மேற்குத் தொகுதியில்.

"எழுந்திரும்மா."

"எழுந்திருக்கறேன் சார். எந்தத் தொகுதி ஆபீசர் என்னை எழுப்பறதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிட்டு வந்து சொல்லுங்க."

கிழக்கு அதிகாரி மேற்கு அதிகாரியைப் பார்த்தார். மேற்கு அதிகாரி, "முக்காலி உங்க பக்கம்தான் அதிகமா இருக்கு" என்றார். "இல்ல சார், வலது கால் முழுக்க உங்களுது" என்றார் இவர். அவர் ஜீப்பிலிருந்து வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார். இவரும் கொண்டுவரச் சொன்னார். இரண்டு வரைபடத்தையும் விரித்துப் பிடிக்க இடமில்லாமல், கடைசியில் அந்தக் கல்லின் மேலேயே விரித்தார்கள்.

எதிர் வீட்டிலிருந்து சம்பந்தியம்மா தன் வீட்டு முக்காலியோடு வந்து மனைவிக்குப் பக்கத்தில் போட்டாள். மகள் தையல் துணியோடு வந்தாள். மேஸ்திரி அவர்களைப் பார்த்தார். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்பதைக் கவனித்தார். கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை என்பதையும் கவனித்தார். சுவரோரம் போய், அங்கே சாய்ந்திருந்த பழைய பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து, கல்லின் ஓரத்தில் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார் மனைவியிடம். "எனக்கும் ஒரு கால் வைக்க எடம் வேணும்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் அவள்.